உப்புநீரில் எரியும் விளக்கு

தனிமை என்ற சொல் தமிழில் இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கிறது. ஒருவர் தாமே விரும்பி ஒதுங்கியிருப்பது ஒன்று. அதற்கு ஏகாந்தம் என்று வேறு பெயரிட்டு, துறவியரும் புலவரும் பெரும்பேறாகப் போற்றினர். விரும்பாமலே வந்து சேர்வது மற்றது. வீட்டில் நாலு பேர் இருந்தாலும், தெருவில் நூறு பேர் நடந்தாலும், மனத்தில் உள்ளதைச் சொல்வதற்கும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்பதற்கும் ஒருவரும் இல்லை என்று உள்ளம் உணர்வதே இந்த இரண்டாவது தனிமை. வட இலங்கையின் வன்னிப் பேச்சில் 'கதைக்க ஆளில்லை' என்னும் இரண்டே சொல்லில் அது அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேருக்கு ஒருவர் இத்தகைய தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டு, இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு முதலியவற்றோடு அதற்குள்ள தொடர்பையும் எடுத்துக்காட்டியது. ஆயினும் பெருநகரத்து அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கங்கள், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நிலவும் தனிமைக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அங்கே அயலவரின் பெயர் தெரியும், அவருடைய இழப்பும் தெரியும். தெரிந்திருப்பதனாலேயே தன் துயரத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொட்ட மனம் கூசுகிறது.

வன்னிப் பெருநிலப்பரப்பு நெடுங்காலமாகவே வந்து சேர்ந்தவர்களின் நிலம். இரணைமடுக் குளம் கட்டப்பட்ட பின்னர் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கமக்காரர்கள், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தவர்கள், 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வந்தவர்கள் என ஒவ்வொரு அலையும் தன் சுற்றத்தில் ஒரு பகுதியைப் பின்னே விட்டுவிட்டே இங்கு வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. அதன்பின் நாலரை ஆண்டுக்குள், 2009 மே மாதம், நந்திக்கடல் நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் உள்நாட்டுப் போர் முடிந்தது. உயிர்தப்பிய ஏறக்குறைய 3 லட்சம் பேர் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பகுதியில் அமைந்த மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டு, கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்குக் காணி இருந்தது, கிணறு இருந்தது. படலையைத் திறந்துகொண்டு வந்து 'என்ன செய்யிறாய்' என்று கேட்க இருந்தவர்களில் பலர் இல்லை. கணவனை இழந்த பெண்ணும், பிள்ளைகள் அனைவரும் வெளிநாடு சென்றுவிட்ட முதியவரும், தாய் தந்தை இருவரையும் ஒரே நாளில் பறிகொடுத்துப் பேத்தியாருடன் வளர்ந்த பிள்ளையும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊர்கள் இங்கே பல.

இத்தகைய நிலத்தில் வழிபாடு எவ்வாறு ஆறுதலாகிறது என்பதை அறிய, முதலில் வழிபாட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையே பார்க்கலாம். கிறிஸ்தவத் தமிழர் இறைவேண்டலை மன்றாட்டு என்பர். மன்று என்பது ஊரவர் கூடி வழக்குத் தீர்க்கும் அவை. மன்றாடுதல் என்பதற்கு அந்த அவையில் நின்று தன் பக்கத்தை எடுத்துரைத்தல் என்பதே பழைய பொருள். சைவர் வழங்கும் முறையிடுதல் என்ற சொல்லிலும் முறை என்பது நீதியையே குறிக்கும். ஆகவே தமிழில் கடவுளிடம் பேசுவது என்பது, சொல்லின் வேரிலேயே, வழக்குரைப்பதாக இருக்கிறது. அடங்கிப்போவதும் அமைதியாக ஏற்றுக்கொள்வதும் பக்தியின் இயல்பு என்று பலர் எண்ணுவதுண்டு; ஆனால் தமது கண்ணொளி போனபோது சிவனை உரிமையோடு கடிந்து பாடிய சுந்தரரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கும் மரபு, கோபித்துக்கொள்வதையும் பக்தியாகவே கொண்டிருக்கிறது. பேச ஆளில்லாதவர்க்குக் கிடைக்கும் ஆறுதலின் பெரும்பகுதி இந்த உரிமையிலிருந்தே வருகிறது. ஏனெனில் பிறரிடம் சொன்னால் 'எல்லாருக்கும் வந்ததுதானே' என்று முடித்துவிடக்கூடிய ஒரு வழக்கை, முடித்துவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் அவை அங்கே கிடைக்கிறது.

இந்த மன்றாட்டை வன்னியில் மிகத் தெளிவாகக் காணத்தக்க இடம், நந்திக்கடலின் மேற்குக் கரையில் உள்ள வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த பின்னர் கண்ணகி ஈழத்துக்கு வந்து பத்து இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய பளையே பத்தாம்பளையாகிப் பின் வற்றாப்பளையானது என்றும் ஊர்மரபு கூறும். அங்கே அவள் வந்த விதத்தைப் பற்றிய கதை இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். அவர்கள் பாலும் அரிசியும் இட்டுப் புக்கை, அதாவது பொங்கல், சமைத்துக் கொடுத்தனர். பொழுதுபட்டு இருளத் தொடங்கியதும் விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை எடுத்து எரிக்கச் சொன்னாள், அது எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்று கேட்டாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவனுக்குத் தலை முழுவதும் ஆயிரம் கண்கள் தெரிந்தன, கிழவி மறைந்துபோனாள்.

இக்கதையைத் தெய்வத்தின் அற்புதமாகவே பெரும்பாலும் சொல்வர். ஆனால் அற்புதம் நிகழும் முன்னர் அதில் நிகழ்பவற்றை நிதானித்துப் பார்த்தால், தனித்துவிடப்பட்ட ஒரு முதியவள் கேட்கக்கூடிய மூன்று பொருள்கள் வரிசையாக வருவதைக் காணலாம்: ஒரு வாய் சோறு, இருட்டுக்கு ஒரு விளக்கு, தலையில் வைக்க ஒரு கை. பேன் பார்த்தல் என்பது ஈழத்துக் கிராமங்களில் வெறும் துப்புரவு வேலையன்று. மத்தியானச் சமையல் முடிந்து, திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, முன்னிருப்பவரின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு பெண்கள் பேன் பார்க்கும்போதுதான் மாமியாரைப் பற்றிய குறையும், வராத காசும், கெட்ட கனவும் வெளியே வரும். முகத்தைப் பார்க்காமல் பேசுவதால் சொல்லத் தயங்குவதும் எளிதில் வந்துவிடும். போருக்குப் பிறகு தனியே வாழும் பெண் இழந்தவற்றுள், எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாத ஒன்று அந்தக் கை. தெய்வமே அதைக் கேட்டு வந்ததாகச் சொல்லும் ஒரு கதையின் முன்னே அவள் கைகூப்பி நிற்கும்போது, தன் தேவை அற்பமானதன்று என்பது சொல்லாமலே அவளுக்கு உறுதியாகிறது.

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் நடைபெறும். பாக்குத் தெண்டல் என்னும் சடங்கோடு அதற்கான ஆயத்தம் தொடங்குகிறது. தெண்டுதல் என்பது வீடுவீடாகச் சென்று கேட்டுப் பெறுதல். பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரிலே விளக்கேற்றுகின்றனர். ஒரு வாரம் அது எரிந்த பின்னர், ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டா விநாயகர் கோயிலில் பொங்கல் முடிந்து, மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும். வடக்கின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து குவியும் மக்கள் காவடியும் பாற்செம்பும் தீச்சட்டியும் எடுத்து, வெளிவீதி முழுவதும் அடுப்பு மூட்டிப் பொங்குகின்றனர். உப்புநீர் விளக்கைப் பார்ப்பவர்களுள் நம்பிக்கையற்றவரும் உண்டு, ஆராய விரும்புபவரும் உண்டு. அந்த விவாதம் இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரையோர மக்களுக்கு அந்தக் கடல், பிள்ளைகளைக் கொண்டுபோன கடல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அதே கடலில் ஒரு பானை நீர் மொண்டு அதிலே சுடரேற்றும் செயல் அவர்களுக்கு என்ன பொருள் தரும் என்பதை வெளியூரவர் ஓரளவேனும் ஊகிக்க முடியும். போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் மே 18ஆம் திகதி நினைவுச்சுடர் ஏற்றும் குடும்பங்களுட் பல, அடுத்த சில வாரங்களுக்குள் நந்திக்கடலின் மறுகரையில் பொங்கற்பானை வைக்கின்றன.

கண்ணகி இங்கே வேறொரு காரணத்தாலும் நெருக்கமாகிறாள். அவள் மங்கலம் குன்றாத தேவியாகப் பிறந்து வணங்கப்படுபவள் அல்லள்; கணவனை அரசின் தீர்ப்பு கொன்றபின், அந்நிய ஊரில், ஒற்றைச் சிலம்போடு தனியே நின்ற பெண். அரசவையில் அவள் செய்தது சொல்லின் முழுப் பொருளிலும் மன்றாட்டு. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் பாடப்படும் காவியத்துக்குக் கண்ணகி வழக்குரை என்றே பெயர். வன்னியில் கோவலன் கதையை முல்லைமோடி என்னும் தனிப்பாணியில் கூத்தாக ஆடுவர். கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று முகம் திருப்பும் சமூகமே, ஆண்டுக்கொரு முறை, ஒரு கைம்பெண்ணின் காலில் விழுவதற்காக இடம்பிடித்து நிற்கிறது. இந்த முரண்பாட்டை வன்னிப் பெண்கள் கவனியாமல் இல்லை. பொட்டில்லாத நெற்றியோடு திருமண வீட்டின் பின்வரிசையில் இருக்க வேண்டியவள், அம்மன் வாசலில் முன்னே வந்து நிற்கலாம், வாய்விட்டு அழலாம், ஏன் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் அழுதால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஆண்டுக்கணக்கில் அடக்கிக்கொண்டிருப்பவர்க்கு, அழுவதற்கென்று ஓர் இடம் இருப்பது எளிய உதவியன்று.

கத்தோலிக்கருக்கு அந்த இடம் மடு. மன்னார் மாவட்டத்தின் காட்டுக்குள், வன்னிப் பெருநிலத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும் இந்தத் திருத்தலமும் அடைக்கலம் தேடியதில் பிறந்ததுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய மக்களால் அது உருவானது. 1999 நவம்பரில் தஞ்சம் புகுந்திருந்தோர் நிறைந்த வளாகத்தில் எறிகணை விழுந்து பல உயிர்கள் பலியாயின. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது திருவுருவம் மீண்டும் இடம்பெயர்ந்து, தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மக்களோடு மாதாவும் இடம்பெயர்ந்தாள் என்று வன்னிக் கத்தோலிக்கர் சொல்லும்போது அது உவமையன்று, நடந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கு வந்து போரில் உறவுகளை இழந்தோரிடையே செபித்தார். ஆவணித் திருநாளுக்குச் சைவரும் அங்கே செல்வர், மரத்தடியில் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவர். பக்கத்துக் கூடாரத்தாரோடு பானையும் விறகும் பகிரும் அந்த நாட்களும் செபத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டியவை.

தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் கிராமங்களில் வியாகுலப் பிரசங்கம் படிக்கும் வழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்து இலங்கையில் பணியாற்றி, 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழில் எழுதிய நூல் அது. இயேசுவின் பாடுகளை ஒப்பாரியின் சாயலுள்ள இராகத்தில் இழுத்துப் படிப்பர். வியாகுலம் என்பது உள்ளத்தைக் கலக்கும் துயரம். அரசால் கொல்லப்பட்ட மகனின் உடலை மடியில் ஏந்திய தாய், அரசால் கொல்லப்பட்ட கணவனின் உடலைத் தேடிப்போன மனைவி என, வன்னியின் இரு பெரும் வழிபாட்டு மரபுகளின் நடுவிலும் இழந்து நிற்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஆறுதல் மேலிருந்து வருவதற்கு முன்பு, தன்னைப்போல் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்ற அறிதலிலிருந்து வருகிறது.

இறந்தவர்க்குச் செய்யவேண்டியவற்றை ஈழத்துச் சைவ மரபு நன்றாகவே வகுத்திருக்கிறது. செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் ஆட்டத்திவசம், அதன்பின் தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி விரதம் என ஒவ்வொன்றுக்கும் நாள் உண்டு, சமையல் உண்டு, வந்துசேர வேண்டிய உறவினர் உண்டு. துக்கப்படுபவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் போரில் காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இவற்றில் எதையும் செய்ய இயலாது. திவசம் செய்தால் இறந்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால், ஒருவேளை இறந்திருந்தால், அவருடைய ஆன்மா அலையுமோ என்ற அச்சம். இந்த நிலையை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது உருவான கருத்து அது. துக்கம் முடிவதற்கு வழியில்லாமல் உறைந்துபோவதும், பிறர் எவ்வாறு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் விலகிச் செல்வதும் இதன் இயல்புகள். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெறும் வழியை உண்டாக்கியது. அது வங்கிக் கணக்குக்கும் காணி உறுதிக்கும் உதவலாம். மனம் ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் எந்த அலுவலகத்திலும் இல்லை.

வன்னி வீடுகளின் சுவரைப் பார்த்தாலே இவ்வேறுபாடு விளங்கும். இறந்தவரின் படத்துக்கு மாலை இருக்கும், சிறு மின்குமிழ் எரியும், பிறந்த திகதியும் மறைந்த திகதியும் எழுதியிருக்கும். காணாமற்போனவரின் படத்துக்கு மாலை போட மனம் வருவதில்லை. அதைச் சாமிப் படங்களுக்கு அருகே, சில வீடுகளில் அலுமாரிக்குள், பிறப்புச் சான்றிதழோடும் முறைப்பாட்டுப் பிரதிகளோடும் ஒரே பையில் வைத்திருப்பர். இத்தகையோருக்குச் சடங்கு கைகொடுக்காத இடத்தில் கைகொடுப்பது நேர்த்தி. 'நேத்தி வைச்சிருக்கிறன்' என்று பேச்சில் சொல்லப்படும் இது, வேண்டியது கிடைத்தால் இன்னது செய்வேன் என்று தெய்வத்தோடு செய்துகொள்ளும் வாக்கு. இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்லுமாறு நேர்த்தி எவரையும் வற்புறுத்துவதில்லை. விடை வரும்வரை செய்வதற்கு ஒன்றைத் தருகிறது. வெள்ளிக்கிழமை விரதம், கோயிலைச் சுற்றி அடியழித்தல், விளக்குக்கு எண்ணெய் என்று அந்த வாக்கு கிழமைகளுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கிறது. எல்லா நாளும் ஒன்றுபோலத் தோன்றும் தனிமையில், வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளிக்கிழமையாக இருப்பது பெரிய காரியம்.

உடலளவில் வழிபாடு செய்வது என்ன என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்தியும் உடனாய்வாளரும் 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலை செபத்தையும் ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தணிந்து, இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் அதனோடு ஒத்திசையத் தொடங்கின. உருத்திராக்கத்தில் ஐந்தெழுத்தை உருட்டுபவரும், செபமாலை மணிகளை நகர்த்துபவரும், தஸ்பீஹ் மணிகளில் திக்ர் சொல்பவரும் தம் இறைவனை வேறு வேறு பெயரில் அழைத்தாலும், அவர்களுடைய மூச்சு ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இந்த அறிவைச் சிகிச்சையில் பயன்படுத்தினார். நோயாளியின் சமயத்துக்கு ஏற்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும், மூச்சுப்பயிற்சியையும், சாந்தியாசனத்தையும் தளர்வு முறைகளாகக் கற்பித்தார். வன்னி மக்களின் பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பமும் ஊரும் ஒருங்கே சிதைந்த கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்பது 2010இல் அவர் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து. வடு ஊருக்கு நேர்ந்தது என்றால் மருந்தும் ஊரளவில் இருக்க வேண்டும். சடங்கும் திருவிழாவும் அவ்வகையில் மருத்துவத்தின் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்கவை.

உண்மையில் வழிபாடு தனிமையைத் தணிப்பதில் பாதி, அது ஆளை வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதால் நிகழ்வது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பிய முஸ்லிம்கள் பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையில் நின்றபோதுதான் ஊர் மீண்டும் ஊரானது. மெனிக் பாமில் கூடாரங்களுக்கு நடுவே படம் வைத்தும் தடி நட்டும் சிறு கோயில்கள் எழுந்தன. குளக்கட்டில் ஐயனார், வேம்படியில் வைரவர் சூலம், காட்டோரத்தில் ஒரு கல் என, வன்னியின் பெரும்பாலான தெய்வங்களுக்குக் கோபுரமோ பூசகரோ கட்டாயமில்லை. கற்பூரத்தோடு போகும் எவரும் தாமே வணங்கி வரலாம். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் எந்தப் பேருந்தும் நின்றுதான் போகும். முன்பின் அறியாதவர்கள் இறங்கித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிப் பக்கத்து இருக்கைக்காரருக்கும் நீட்டுவர். அந்த ஒரு கை கச்சானோடு தொடங்கும் பேச்சு வவுனியா வரை நீள்வதுண்டு.

வழிபாடு எப்போதும் ஆறுதலே தரும் என்று சொல்லிவிட முடியாது. சமயத்தால் துயரை எதிர்கொள்வதில் இரண்டு வகை உண்டென அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பிரித்துக்காட்டினார்: கடவுள் என்னோடு இருக்கிறார் என்று உணர்பவர்க்கு மனம் தேறுகிறது, கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எண்ணுபவர்க்குத் துயரம் பெருகுகிறது. 'என்ர கருமம்' என்று வன்னியில் சொல்லப்படுவது சிலவேளை களைப்பில் வரும் பெருமூச்சு மட்டுமே. ஆனால் போர் கொன்ற கணவனின் சாவுக்குத் தன் முன்வினையே காரணம் என்று ஒருத்தியை நம்பவைப்பது, அவளிடமிருந்து முறையிடும் உரிமையையும் பறித்துவிடுகிறது. இது பெரும் கொடுமை. காணாமற்போனவர் இன்ன திசையில் உயிரோடு இருக்கிறார் என்று சாத்திரம் சொல்லிக் காசு வாங்குபவர்களும், கைம்பெண்ணை ஆலத்தி எடுக்க விடாத உறவினரும், தெய்வத்தின் பெயராலேயே தனிமையை ஆழப்படுத்துகின்றனர். மேலும் உறக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தாலோ, உணவு வெறுத்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ கோயிலுக்குப் போவதோடு நின்றுவிடாமல் மருத்துவமனையின் உளநலப் பிரிவையும் நாட வேண்டும். இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். நேர்த்தியும் மருந்தும் ஒன்றோடொன்று பகைத்தவை அல்ல. அம்மனிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு அதே காலில் சிகிச்சைக்குப் போவதே ஊர்வழக்கின் நல்ல பக்கம்.

முறையீடும் வழிபாடும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதை 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி காட்டியது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், பெரும்பாலும் தாய்மார், அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாட்களில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் அவ்வாறே பந்தல் போடப்பட்டது. கோயிலில் தேங்காய் உடைத்து மன்றாடிவிட்டு வீதியில் இறங்கிப் பதில் கேட்ட அவர்களுக்கு, இரண்டும் வேறு வேறு செயல்களாகத் தோன்றவில்லை. ஆண்டுகள் ஏறியபோது அவர்களிற் பலர் விடை அறியாமலே இறந்துபோயினர். அந்த வீடுகளில் இப்போது தாயின் படத்துக்கு மாலை விழுந்திருக்கிறது. மகனின் படம் மாலையில்லாமல் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருக்க, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேலை பேத்தியின் கைக்கு வந்துவிட்டது.